பன்னிரண்டு நிமிடங்கள்

கையில் ஒரு பிடி மண்ணுடன் குழியோரம் நின்ற சவேலி நிகனோரிச், அதைப் போடாமல் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மார்ச் மாதத்து மண், கல்லாக உறைந்திருந்தது. முந்தின நாள் மாலையே தீ மூட்டி இளக்கி, கடப்பாரையால் பெயர்த்துத்தான் குழியே தோண்டினார்கள். உள்ளங்கைச் சூட்டில் அந்த ஒரு பிடி மட்டும் மெல்ல ஈரமாகிக்கொண்டிருந்தது.

"போடுடா சவேலி, எல்லாரும் காத்துட்டிருக்காங்க" என்று அவருடைய அக்கா ஸ்தெபனீதா முழங்கையால் இடித்தாள்.

"ரிம்மா எங்கே?"

"யாரோ ரிம்மாவாம்! உன் பெண்டாட்டிடா உள்ள இருக்கிறது. மண்ணப் போடு."

போட்டார். பெட்டியின் மேல் தொம்மென்று சத்தம் கேட்டது. பக்கத்தில் மகன் கிளெப் குலுங்கிக் குலுங்கி அழுதான். இருபத்திரண்டு வயது, பாலம் கட்டும் பொறியாளர், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். சவேலிக்குக் கண் காய்ந்து கிடந்தது. புதன்கிழமை காலையில் கிளாஃபிரா எழுந்திருக்காததிலிருந்து இப்படித்தான். சொட்டுக் கண்ணீர் இல்லை. நாற்பது வருடம் ரொட்டி ஆலை அடுப்பின் முன்னால் நின்றதில் கண்ணீரெல்லாம் ஆவியாகிவிட்டதோ என்று அவருக்கே சந்தேகம்.

ஆனால் கோபம் மட்டும் குறைவில்லாமல் வந்தது. ரிம்மா வரவில்லை! எட்டு வருடமாகக் கிளாஃபிராவின் ஆய்வகத்தில் அவள் நிழல் போலத் திரிந்தவள். வாரத்தில் மூன்று நாள் இவர் வீட்டுச் சமையலறையில் முட்டைக்கோஸ் பணியாரத்தை வாய் நிறைய அடைத்துக்கொண்டு, "சவேலி மாமா, இன்னொண்ணு" என்று கை நீட்டியவள். ஆராய்ச்சி நிறுவனத்தின் தோட்டக்காரர்கூட வந்து நிற்கிறார், அவளைக் காணோம்.

வீட்டில் இரங்கல் சாப்பாடு. சாவு வீட்டு வழக்கப்படி முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். கிளாஃபிராவின் புகைப்படத்தின் முன்னால் ஒரு கிளாஸ் வோட்கா, அதன் மேல் ஒரு துண்டுக் கறுப்பு ரொட்டி. தேன் கலந்த கோதுமைச் சோற்றை ஆளுக்கு மூன்று கரண்டி வைத்தாள் ஸ்தெபனீதா. அப்புறம் அப்பம், பழக்கூழ். துணை இயக்குநர் எழுந்து, காலையில் நிறுவன மண்டபத்தில் பேசியதையே மறுபடி பேசினார்.

"சோவியத் நியூக்ளிக் அமில வேதியியலுக்குத் தோழர் கிளாஃபிரா தராசொவ்னா ஆற்றிய பங்கு..."

சவேலி காதில் வாங்கவில்லை. நியூக்ளிக் அமிலம் என்றால் என்ன என்று இருபத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்து தெரிந்துகொண்டதே அவருக்குப் போதும். ஈஸ்டில் ஒரு நூல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நூல். ஒன்றல்ல, பல வகை. அதில் ஒரே ஒரு வகையை மட்டும் சுத்தமாகப் பிரித்து, அதில் எந்த மணி எந்த மணிக்கு அடுத்து கோர்த்திருக்கிறது என்று படிக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு ஒரு ஆயுசு ஆகுமாம். ஆகிவிட்டது.

அவர்கள் சந்தித்ததே ஈஸ்டால்தான். அப்போது அவர் ரொட்டி ஆலையில் ஷிப்ட் தலைவர். ஒட்டுப் போட்ட கோட்டும் பெரிய கண்ணாடியுமாக ஒரு பெண் வந்து, இருநூறு கிலோ ஈஸ்ட் வேண்டும் என்றாள்.

"இருநூறு கிலோவா? என்ன சுடப் போறீங்க?"

"எதுவும் சுடல."

"அப்போ சாராயமா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. அந்த நாட்களில் மரபு ஆராய்ச்சியே அரசுக்கு ஆகாது; பரம்பரை, மரபு என்று வாயைத் திறந்தாலே வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள். அதனால் படிவத்தில் 'உணவுத் தொழில் ஆராய்ச்சி' என்று எழுதியிருந்தாள். பொய் சொல்லத் தெரியாதவள், பொய்யைப் படிவத்தில் எழுதிவிட்டு, முகத்தில் உண்மையைக் காட்டிக்கொண்டு நின்றாள். சவேலி நிச்சயம் சாராயக்காரிதான் என்று முடிவு செய்து, இவ்வளவு பெரிய சாராயக்காரியை வாழ்க்கையில் விடக் கூடாது என்று அன்றைக்கே ஈஸ்டுக்குக் கையெழுத்துப் போட்டார். மறு வருடம் கல்யாணப் பதிவேட்டிலும்.

நல்ல கல்யாணம்தான். ஒரே ஒரு தொல்லை: 'தூண்'. ஆளுயரக் கண்ணாடிக் குழல் ஒன்று. அதில் ஏதோ தூளை நிரப்பி, மேலே ஈஸ்டின் சாற்றை விட்டால், கீழே சொட்டுச் சொட்டாகப் பிரிந்து வருமாம். எட்டு நாள், ஒன்பது நாள். கிளெப்பின் முதல் பள்ளி நாளன்று தூண். இவருடைய ஐம்பதாவது பிறந்தநாளன்று தூண். மூன்று புத்தாண்டு இரவுகள் தூணோடு. "உன் கண்ணாடி மாப்பிள்ளை எப்படி இருக்கான்?" என்று கேட்பார். "உங்களை விட ஒல்லியா இருக்கான்" என்பாள் அவள், சிரிக்காமல். ஒரு தடவைகூட அந்த மாப்பிள்ளையை அவர் போய்ப் பார்த்ததில்லை. வீம்பு.

"ரிம்மா காலையில போன் பண்ணினாப்பா" என்று கிளெப் அவர் பக்கம் குனிந்து சொன்னான். "உங்க கிட்டச் சொல்ல எனக்குத்தான் தைரியமில்ல. தூண் ஓடிட்டிருக்காம். அம்மா திங்கட்கிழமை ஆரம்பிச்சு வெச்சதாம்."

சவேலி கரண்டியைக் கீழே வைத்தார்.

"இன்னைக்குமா? இன்னைக்குக்கூட அதானா?"

"நிறுத்த முடியாதாம்ப்பா."

"என் பெண்டாட்டி மண்ணுக்குள்ள போறா, கண்ணாடிக் குழல நிறுத்த முடியாதா! கோட்டை எடு."

"உட்காருடா" என்றாள் ஸ்தெபனீதா. "வீட்டுக்காரன் பந்தியிலேருந்து எழுந்திருக்கக் கூடாது. அழவும் மாட்டேங்கிற, உட்காரவும் மாட்டேங்கிற. ஊர் என்ன பேசும்? கல்லுன்னு பேசும்."

"பேசட்டும்."

போகும்போது ஏன் தட்டில் ஆறு அப்பம் அடுக்கித் துணியால் மூடி எடுத்துக்கொண்டார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. திட்டப் போகிறவர் பலகாரம் எடுத்துப் போவானேன்? கைப்பழக்கம், அவ்வளவுதான்.

பிர்ச் மரங்களுக்கு நடுவே பனியில் கால்மணி நேர நடை. சனிக்கிழமை மாலை நாலு மணி, நிறுவனம் வெறிச்சோடிக் கிடந்தது. மூன்றாம் மாடி நடைபாதையின் கோடியில், குளிர் அறையின் கனத்த கதவுக்கு வெளியே, பஞ்சு வைத்துத் தைத்த கோட்டைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள் ரிம்மா. அழுதுகொண்டிருந்தாள். அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. மூக்கு வீங்கி, கண் இடுங்கி, ஆளே அடையாளம் தெரியவில்லை.

வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த வசவு ஒன்றும் வாய்க்கு வரவில்லை சவேலிக்கு.

"சாப்பிட்டியா?" என்றார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். துள்ளி எழுந்தாள். குழாயடியில் முகம் கழுவி, துடைத்து, மூக்கும் வாயும் மூட, காயத்துக்குக் கட்டுப் போடும் காஸ் துணி கட்டி, புது ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். அரை நிமிடத்தில் திரும்பி வந்து, கதவைச் சாத்தி, மறுபடி தரையில் உட்கார்ந்து, மறுபடி அழ ஆரம்பித்தாள்.

"இதென்னடி கூத்து?"

"ட்யூப் மாத்துற மெஷின் நேத்து ராத்திரி நின்னு போச்சு மாமா. பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கையாலதான் மாத்தணும். ராத்திரியிலேருந்து நான்தான். கூட வேலை பார்க்கிற வீரா காய்ச்சல்ல படுத்திருக்கா. ஆய்வகத்துப் பசங்க ரெண்டு பேரும் பெட்டி தூக்கினாங்க..."

"இப்போ என் வீட்டுல வோட்காவும் தூக்குறாங்க. சரி, நிறுத்தினா என்ன?"

"நிறுத்தினா பிரிஞ்சதெல்லாம் திரும்பக் கலந்துடும். ரெண்டு வருஷ வேலை. அவங்க தேடின அந்த ஒரு வகை இன்னைக்கோ நாளைக்கோதான் இறங்கும். இனிமே இன்னொரு தடவை ஆரம்பிக்க விடவும் மாட்டாங்க மாமா. அவங்களே போயிட்டாங்க, யார் ஈஸ்ட் கேட்டுக் கையெழுத்துப் போடுவா?" கோட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள். "அதுவும் நானே கெடுத்துட்டேன்."

"என்ன கெடுத்தே?"

"காலையில, பெட்டி எடுக்கிற நேரம்னு நெனச்சேன். உள்ள நிக்கும்போதே ஒரு சொட்டு ட்யூப்ல விழுந்துடுச்சு. கண்ணீர்."

"ஒரு சொட்டுக்கா இவ்வளவு?"

"கண்ணீர்லயும் ஒரு நொதிச் சத்து இருக்கு மாமா. எச்சில்ல, வேர்வையில, விரல் நுனியில, எல்லாத்துலயும். நாம பிரிக்கிற நூலை, ஆர்.என்.ஏ.வ, அறுத்துத் துண்டு துண்டாக்கிடும். அந்த ட்யூப் போச்சு. அதான் வெளிய வந்து அழறேன். உள்ள அழக் கூடாது."

சவேலிக்குத் தெரியாத விஷயமில்லை. இந்தக் கண்ணாடியையெல்லாம் அடுப்பில் வைத்துச் சுடுவாள் கிளாஃபிரா, மனுஷக் கைபட்ட அந்தச் சத்து சாகட்டுமென்று. "நான் ரொட்டி சுடறேன், நீ கண்ணாடி சுடறே, யார் வீட்டுல அடுப்பு எரியுதுன்னே தெரியல" என்று கேலி செய்திருக்கிறார். ஆனால் அழுகையையும் அந்த அறைக்கு வெளியே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"எழுந்திரு" என்றார். "அப்பத்தைத் தின்னு. இருட்டுறதுக்குள்ள போய் அவளைப் பார்த்துட்டு வா. நான் இருக்கேன்."

"நீங்களா?"

"நாற்பது வருஷம் மாவு பார்த்தவன்டி. பொங்குற மாவை விட்டுட்டு எவனாவது போவானா? மணிக்கணக்குத் தெரியும், கை நடுங்காது. வோட்காவும் தொடல."

ரிம்மா அவர் முகத்தையே பார்த்தாள். "நீங்க அழ மாட்டீங்களா மாமா?"

"மூணு நாளா வரல. அக்கா திட்டித் தீர்க்கிறா. இதுக்காவது ஆகட்டும்."

முகம் கழுவுவது, காஸ் கட்டுவது, கையுறை மாட்டுவது, நிரம்பிய சோதனைக் குழாயை எடுத்து மூடி போட்டு அடுக்கில் வைப்பது, அடுத்ததைச் சொட்டின் கீழ் நிறுத்துவது, நோட்டில் நேரம் எழுதுவது: எல்லாம் இரண்டு தடவை செய்து காட்டினாள். வாசலில் நின்று இரண்டு அப்பத்தை அப்படியே விழுங்கினாள். படியில் இறங்கும்போது அவள் ஓடுகிற சத்தம் கேட்டது.

சவேலி தனியாக உள்ளே போனார்.

இவன்தானா அந்த மாப்பிள்ளை! அறை நடுவே இரும்புத் தாங்கியில் பிடித்து நிறுத்தியிருந்த ஒரு கண்ணாடிக் குழல். உள்ளே வெள்ளையாக ஏதோ, ஈர மாவு மாதிரி. நுனியில் ஒரு சொட்டு திரளும், பருக்கும், விழும். பிறகு அடுத்தது. நிறமில்லை, வாசனை இல்லை. இருபத்து மூன்று வருடம் இதன் மேலா பொறாமைப்பட்டோம் என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. அடுக்கில் வரிசையாகக் காலிக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் மெழுகுப் பென்சிலால் எண். அவள் கையெழுத்து. ஆயிரம் வரை எழுதி முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அறுநூற்றுப் பன்னிரண்டை எடுத்து வைத்தார், அறுநூற்றுப் பதின்மூன்றை நிறுத்தினார். கை நடுங்கவில்லை.

மூன்று குழாய் ஒழுங்காக மாற்றினார். நாலாவதற்குக் காத்திருக்கும்போது கால் வலித்து, தூணுக்கு அருகில் கிடந்த முக்காலியில் உட்காரப் போனார். அதன் மேல் ஒரு திண்டு. சதுரமாக மடித்து, நைலான் நூலால் முரட்டுத்தனமாகத் தைத்திருந்தது. தையல் தெரியாதவள் தைத்தது. நீலக் கம்பளித் துணி, ஒரு ஓரத்தில் கறுப்புப் பொத்தான் அப்படியே இருந்தது.

அவருடைய ஆலைச் சட்டை. இரண்டு வருடத்துக்கு முன் காணாமல் போனது. பால்கனிக் கொடியிலிருந்து யாரோ திருடிவிட்டார்கள் என்று கீழ் வீட்டு ஓட்டுநரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தார். "போனா போகட்டும், பழசுதானே" என்று கிளாஃபிராதான் சமாதானம் செய்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

"அடிப்பாவி!" என்றார் உரக்க. "கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? சாராயக்காரி!"

காஸ் துணிக்குள் சிரிப்பு வந்தது. சிரிப்பின் பின்னாலேயே வேறொன்று தொண்டையில் ஏறியது. ஒரு கணம் அது என்னவென்றே அவருக்குப் புரியவில்லை. கண் சுட்டது. புரிந்ததும் கதவை நோக்கி ஓடினார், ஓடுகிற வயதா அது, இடுப்பை மேஜை முனையில் இடித்துக்கொண்டு, கையால் கதவைத் தள்ளி, வெளியே விழுந்து, கனத்த கதவைத் தோளால் அழுத்தி மூடிவிட்டுத்தான் மூச்சை விட்டார்.

மூன்று நாள் அழுகையும் ஒன்றாக வந்தது. நடைபாதைத் தரையில், ரிம்மா உட்கார்ந்திருந்த அதே இடத்தில் சரிந்து, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வாய்விட்டு அழுதார். "கிளாஷா, கிளாஷா" என்று அவளுடைய செல்லப் பெயரைச் சொல்லி, ஆளில்லாத மூன்றாம் மாடி முழுவதும் கேட்கக் கூப்பிட்டார். ஐம்பதாவது பிறந்தநாளன்று போனில் அவளிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். சட்டையைத் திருடியதற்கு இன்னொரு தடவை திட்டினார். அது போகட்டும், இனிமேல் காலையில் யாருக்கு டீ போடுவது என்று கேட்டார்.

நடுவில் கண்ணைத் துடைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசிக் குழாயை மாற்றிப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

எழுந்தார். குளிர்ந்த தண்ணீரில் முகத்தை இரண்டு தடவை கழுவினார். துடைத்தார். இமையைத் தொட்டுப் பார்த்து, மறுபடி துடைத்தார். புது காஸ், புதுக் கையுறை. உள்ளே போய், மூச்சை அடக்கிக்கொண்டு, அறுநூற்றுப் பதினைந்தை மூடி அடுக்கில் வைத்தார். அறுநூற்றுப் பதினாறைச் சொட்டின் கீழ் நேராக நிறுத்தினார். நோட்டில் நேரத்தை எழுதினார்: ஐந்து மணி, இருபது நிமிடம்.

வெளியே வந்தார். கதவை இறுக்கிச் சாத்தி, சரியாக மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தார்.