பூவாத்தாள் வீசிய பந்து

1959 ஜூன் மாதம் கோமளா அந்தப் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராகச் சேர்ந்தாள். பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடந்தால் பள்ளிக்கூடம் வரும். அவளுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா போத்தனூரில் ரயில்வே குமாஸ்தா. பெண் பிள்ளைகளுக்குப் பந்து விளையாட்டு சொல்லிக் கொடுக்க ஒரு டீச்சர் வருவது அந்த ஊருக்கு அதுதான் முதல் தடவை.

ஆறாம், ஏழாம் வகுப்புப் பெண்கள் பதினெட்டுப் பேர். அவர்களை வட்டமாக நிறுத்தி ஒரு பந்தைக் கொடுத்தாள். "பந்தை நெஞ்சுக்கு நேரா வெச்சுக்கோ. யாருக்கு வீசப் போறயோ அவ முகத்தைப் பாரு. ஒரு காலை முன்னால வெச்சு வீசு" என்று தினமும் சொல்லிக் கொடுத்தாள். முதல் வாரம் பந்து வேலியைத் தாண்டிப் போனது, தலையில் பட்டது, ஒருத்திக்கு மூக்கில் ரத்தம் வந்தது. ஆகஸ்ட் மாதம் வட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பந்து கீழே விழாமல் போனது. கோமளாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

பயிற்சியில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த விதி ஒன்று இருந்தது. பிடிக்கும்படி வீசுவது வீசுகிறவளின் பொறுப்பு. அதனால் பந்து விழுந்தால் வீசியவள் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும்.

அதிகம் ஓடியவள் பூவாத்தாள். ஊருக்குத் தெற்கே தள்ளியிருந்த வளவு என்ற சேரியிலிருந்து வருகிறவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் தோட்டங்களில் கூலி வேலை செய்தார்கள். ஒல்லியான பெண், நீளமான கைகள். அவளுக்கு வருகிற பந்தை எப்படி வந்தாலும் பிடித்துவிடுவாள். அவள் வீசினால் மட்டும் பந்து விழுந்துவிடும். பத்துக்குப் பத்தும் விழும்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு கோமளா அவளை நிறுத்திச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டாள். பூவாத்தாள் பத்துப் பந்தையும் வட்டத்துக்குள்ளேயே அடித்தாள்.

"இங்க இவ்வளவு நல்லா வீசறே, அங்க போனா என்ன வருது உனக்கு?" என்று கோமளா அதட்டினாள். பூவாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள் வட்டத்தில் அவள் வீசிய நான்கு பந்துகள் விழுந்தன. நான்கு சுற்று ஓடினாள். ஐந்தாவது விழுந்தபோது கோமளா அவள் முதுகில் ஒரு அறை வைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவளுடைய முழங்கையைத் திருத்தலாம் என்று கோமளா பின்னால் போய் நின்றாள். அதுவரை வட்டத்துக்கு வெளியே விசிலோடு நின்றுதான் பார்த்திருந்தாள்.

பூவாத்தாள் எதிரே நின்ற வெங்கடலட்சுமிக்கு வீசினாள். பந்து கோடு போட்டது போலப் போனது. வெங்கடலட்சுமியின் நெஞ்சுக்கு நேராக, விரித்த இரண்டு கைகளுக்கும் நடுவில் போனது. பந்து வந்து சேரும் அந்த நொடியில் வெங்கடலட்சுமி கைகளை அகட்டி, உடம்பை லேசாக விலக்கினாள். பந்து தரையில் விழுந்து ஒரு துள்ளு துள்ளியது. உடனே அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

கோமளாவுக்குப் புரியவில்லை. "இன்னொரு தடவை" என்றாள். பூவாத்தாள் இந்த முறை சாமியாத்தாளுக்கு வீசினாள். அதே போல் கைகள் அகன்றன. பந்து விழுந்தது, எழும்பியது, எடுக்கப்பட்டது. அடுத்தவளும் அப்படியே செய்தாள். ஒருத்தி முகத்திலும் தயக்கம் இல்லை. இரண்டு மாதமாக அவள் சொல்லிக் கொடுத்த அத்தனை சுத்தத்தோடு அவர்கள் பந்தைத் தவற விட்டார்கள்.

கோமளாவின் வாயிலிருந்து விசில் நழுவியது. வெங்கடலட்சுமியைத் தனியே கூப்பிட்டாள்.

"ஏன் கண்ணு கையை எடுத்தே?"

பதினொரு வயதுப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்து மரியாதையாகச் சொன்னாள்: "தரையில பட்டா தீட்டுப் போயிருமுங்க டீச்சர். அப்புறம் தொடலாமுங்க."

"யார் சொன்னாங்க?"

"எங்கம்மா சொன்னாங்க. நான்தான் எல்லார்த்துக்கும் சொன்னனுங்க. நீங்க திட்டுவீங்கன்னு, தவறிப் போன மாதிரி விடச் சொன்னேன்."

டீச்சர் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்ன பிள்ளையின் முகம் அது. பூவாத்தாளை எத்தனை சுற்று ஓடவைத்தோம் என்று கோமளா கணக்குப் பார்த்தாள். முடியவில்லை. உள்ளங்கையில் அந்த அறை இன்னும் இருப்பது போல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

எல்லாரும் போன பிறகு பூவாத்தாளிடம் கேட்டாள்.

"உனக்கு இது தெரியுமா?"

"தெரியுமுங்க."

"மொதல்ல இருந்தேவா?"

"ஆமாங்க."

"அப்புறம் ஏண்டி சொல்லல? அடி வாங்கிட்டு நின்னியே!"

"சொன்னா வெங்கடலட்சுமியோட அப்பாரு வந்து எனக்குப் பந்தே குடுக்க வேண்டாம்னு சொல்லிப்போடுவாருங்க." சற்று நின்று, "உங்களுக்கும் தெரியும்னு நெனச்சனுங்க டீச்சர். மொத நாளு எனக்குப் பந்தைக் கீழ உருட்டித்தானுங்க குடுத்தீங்க" என்றாள்.

கோமளா அந்த முதல் நாளை ஞாபகத்தில் தேடினாள். எல்லாருக்கும் உருட்டித்தான் கொடுத்தாளா, இவளுக்கு மட்டுமா? எத்தனை தேடியும் அகப்படவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

திங்கட்கிழமை அவள் விதியை மாற்றினாள். கைக்கு வந்த பந்தை விட்டால் விட்டவள் ஓட வேண்டும். வெங்கடலட்சுமி மூன்று சுற்று ஓடினாள். நான்காவது முறை அழுதுகொண்டே பந்தைப் பிடித்தாள். பிடித்த கையை உடம்பில் படாமல் நீட்டிக்கொண்டே கிணற்றடிக்கு ஓடினாள்.

மறுநாள் காலையில் அவளுடைய அப்பா திருமலைசாமி தலைமையாசிரியர் அறைக்கு வந்து கோமளாவைக் கூப்பிட்டனுப்பினார். ஊரில் பெரிய தோட்டக்காரர். கையில் ஒரு பை நிறையத் தக்காளி.

"ஏனுங்க டீச்சர், சவுக்கியமுங்களா? தோட்டத்துல பறிச்சதுங்க, வெச்சுக்கோங்க." பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். "புள்ளைக ஓடியாடறது நல்லதுதானுங்க. அந்தப் புள்ளையும் ஆடட்டும், வேண்டாம்னு நான் சொல்லலையே. அதுக்குத் தனியா ஒரு பந்து குடுத்துப்போடுங்க. பந்து நானே வாங்கித் தாரனுங்க."

கோமளா அவர் முகத்தில் கோபத்தைத் தேடினாள். துளிகூட இல்லை. உண்மையிலேயே ஒரு உதவி செய்ய வந்தவரைப் போல் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கத்தியிருந்தால் அவளுக்குப் பதில் சுலபமாக வந்திருக்கும்.

"போத்தனூர்ல உங்கப்பாரைப் பத்தியும் விசாரிச்சனுங்க. நீங்களும் நம்ம ஊட்டுப் புள்ளைதான். உங்களுக்குத் தெரியாததுங்களா?"

தலைமையாசிரியர் தலையை ஆட்டி, "அப்படியே செஞ்சுபோடலாமுங்க" என்றார்.

"ஒரு பந்துதானுங்க. அது எல்லார்த்துக்கும்தான். தக்காளியை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள் கோமளா.

திருமலைசாமி அப்போதும் கோபப்படவில்லை. "சரிங்க டீச்சர், வாரனுங்க" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் பதினொரு பேர் வயிற்றுவலி என்று சீட்டுக் கொண்டுவந்தார்கள். எல்லாச் சீட்டுகளும் ஒரே கையெழுத்தில் இருந்தன. தலைமையாசிரியர் எதையும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். மைதானத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். அவர்களில் சாமியாத்தாளைப் பார்த்துத்தான் கோமளா ஆச்சரியப்பட்டாள். அவளும் தோட்டக்காரர் வீட்டுப் பெண்தான்.

"உங்க ஊட்டுல ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாங்க டீச்சர். ஆனா ஆளு கொறஞ்சா எனக்கு நெறையா வாட்டி பந்து வருமுங்களே" என்றாள் அவள். பூவாத்தாள் வீசிய முதல் பந்தை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டாள்.

வட்டம் சிறிதாக இருந்ததால் கோமளாவும் உள்ளே நின்றாள். அடுத்த பந்து அவளுக்கு வந்தது. பிடித்ததும் உள்ளங்கை இரண்டும் தீயாய் எரிந்தன. பந்து அவளை அரை அடி பின்னால் தள்ளிவிட்டது. இப்படி ஒரு வீச்சை அவள் பயிற்சிக் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை.

"இத்தனை நாளா நீ இப்படி வீசலையே?"

பூவாத்தாள் கூச்சத்தோடு பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அவங்கதான் கையை எடுத்துப்போடுவாங்களே டீச்சர். வேகமா வீசுனா நெஞ்சுல பட்டு வலிக்குமுங்க. அதான் மெதுவா வீசுனனுங்க."

கோமளா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். "டீச்சர், பந்து! பந்து!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவளுக்கு அது எங்கோ தூரத்தில் கேட்டது.

பொங்கல் விடுமுறை முடிந்து, விலகியவர்களில் நான்கு பேர் மைதானத்துக்குத் திரும்பி வந்தார்கள். வெங்கடலட்சுமி வரவேயில்லை. வந்தவர்களில் இரண்டு பேர் ஆட்டம் முடிந்ததும் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார்கள். கோமளா அதைத் தினமும் பார்த்தாள். ஆனால் மைதானத்தில் இருக்கும்வரை அவர்கள் பூவாத்தாளின் பந்தைக் கீழே விடவில்லை.