மரவட்டைக்குப் பொன்னாடை

1

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்: ஊவா மாகாணத் தமிழ் இலக்கியத்தில் இதுவரை எவரும் துணியாத ஒரு காரியமாக, மரவட்டை வளர்ப்பைப் பொருளாகக் கொண்ட சிறுகதை ஒன்று பண்டாரவளையில், ஈரம் ஊறிய ஒரு சுவருக்கு முன்னால், இந்தக் கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. விமர்சகர்கள் எழுந்து நிற்கத் தேவையில்லை. உட்கார்ந்தபடியே வாசிக்கலாம்.

கதையின் மூலத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூனாகலைத் தோட்டத்தில் இருக்கும் சிவசக்தி என்னிடம் சொன்ன ஒரு வாக்கியம்தான் மூலம்:

"இதப்போயி எழுதிறாதீங்க அண்ணே."

எழுதுகிறேன்.

(பெயரையாவது மாற்றக்கூடாதா என்பீர்கள். மாற்றினேன். விதுஷா என்று போட்டேன். அந்த விதுஷா மரவட்டையைக் கண்டால் கட்டிலில் ஏறி நிற்பாள் போலிருந்தது. மறுபடி சிவசக்தி ஆக்கிவிட்டேன்.)

2

ஆரம்பம், முதல் வரைவு:

"பூனாகலை மலைமுகட்டில் பனி ஒரு வெள்ளைச் சேலையைப் போல—"

வேண்டாம். பனிக்குச் சேலை கட்டிவிட்ட குற்றத்துக்கு மலையகத்தில் பலர் ஏற்கெனவே உள்ளே இருந்திருக்க வேண்டும். அவர்களில் நானும் ஒருவன்.

இரண்டாவது வரைவு:

"எத்தனையோ கால்கள் இருந்தும் இருந்த மண்ணை விட்டு நகராத அந்த உயிரைப் பார்த்தபோது, இருநூறு வருடங்களாக இந்தத் தேயிலை மலையிலேயே—"

இதை எழுதியதும் எனக்கே கண் கலங்கியது. கலங்கிய சூட்டோடு சிவசக்திக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் குரல் பதிவாக வந்தது. பின்னணியில் பஸ் ஹோர்ன்.

"அந்தப் பூச்சிய எதுக்கு அண்ணே எங்களோட சேக்குறீங்க? அது பாட்டுக்கு எலைய தின்னுக்கிட்டு இருக்கு. அதுக்கு சங்கமும் கெடயாது, சந்தாவும் கெடயாது."

நீக்கிவிட்டேன். நீக்கியதை மேலே உங்களுக்குக் காட்டியும் விட்டேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். நல்ல வரி என்று தான் நம்பும் ஒன்றைக் குப்பையில் போட எழுத்தாளனுக்கு மனம் வராது.

3

சரி, நேராகவே சொல்கிறேன்.

சிவசக்தி பண்டாரவளையில் ஒரு பாமசியில் வேலை செய்கிறாள். என் பிரஷர் மாத்திரைகளை எடுத்துத் தருபவள், பழக்கம் அப்படித்தான். வயது நாற்பதுக்குக் கிட்ட. பூனாகலையில் அம்மா மாரியாயியோடு இருக்கிறாள். வீட்டின் முன்னறையில், மற்றவர்கள் டிவி வைக்கும் இடத்தில், மூடியில் துளை போட்ட இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள். உள்ளே ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்பு மண்: உக்கிய இலை, உக்கிய மரக்கட்டை, இடித்த முட்டைக்கோது. அதற்குள் பெரிய சாதி மரவட்டைகள். நீட்டி வைத்தால் ஒரு சாண் வரும். தொட்டால் கொசுவத்திபோலச் சுருளும். பயந்தால் மஞ்சளாக ஒரு நீர் விடும். கையில் பட்டால் கறை லேசில் போகாது. பாமசி வாசம் வேறு. "வேலையிலயும் அதே வாசம், வீட்டுலயும் அதே வாசம். எனக்கு வித்தியாசமே தெரியல," என்பாள்.

மாரியாயிக்குத் தெரிந்தது. "ஊரு ஒலகமெல்லாம் கோழி வளக்குது. எம்மவ ரயில்பூச்சி வளக்குறா. முட்டைய வித்து நக வாங்கப் போறா."

முட்டை உண்மையிலேயே பிரச்சினையாகத்தான் இருந்தது. முதல் வருடம் பூஞ்சணம் பிடித்தது. அடுத்த வருடம் மண் காய்ந்தது. அதற்கடுத்த மழைக்காலத்தில்தான் குஞ்சு வந்தது: நூல்நுனி அளவில், வெள்ளையாக, விரல்விட்டு எண்ணக்கூடிய கால்களோடு. யோகட் கோப்பையில் போட்டு வளர்த்தாள். ஒவ்வொரு தடவை சட்டை கழற்றும்போதும் அவற்றுக்கு உடம்பு நீளும், கால் கூடும். ஓரளவு பெரிதானதும் பெட்டிகளுக்கு மாற்றினாள்.

சட்டை கழற்ற மரவட்டை மண்ணுக்குள் இறங்கி, தனக்கொரு அறை செய்து, கதவைச் சாத்திக்கொள்ளும். பழைய தோல் கழன்று புதுத்தோல் இறுகும்வரை அது வெறும் சதை. அந்த நாட்களில் மண்ணைக் கிண்டினால் செத்துப்போகும். மரவட்டை வளர்க்கிறவர்களுக்கு இருக்கும் ஒரே சட்டம் இது. கதை முழுவதும் இந்தச் சட்டத்தின்மேல்தான் நிற்கிறது, மறந்துவிட வேண்டாம்.

நாங்கள் மறக்கவில்லை. எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை.

4

குஞ்சுகளின் படத்தை அவள் முகநூலில் போட, அது எங்கள் பேரவையின் கண்ணில் பட்டது. பேரவையின் பெயர் நீளமானது. கலை, அறிவியல், பண்பாடு, மேம்பாடு எல்லாம் அதில் உண்டு. பெயரிலுள்ள சொற்கள் உறுப்பினர்களைவிட அதிகம்.*

தலைவர் கந்தப்பன் பதுளையில் ஓய்வுபெற்ற அதிகாரி. 'மலையகத்தின் முதல் மரவட்டை வளர்ப்பு வீராங்கனை' என்றொரு பட்டத்தை அவரே உருவாக்கினார். இரண்டாவது வீராங்கனை எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

பாராட்டு விழாவுக்குப் பெனர், அதாவது பதாகை, அடித்தவர் பண்டாரவளையில் அச்சடிக்கும் முன்ஸிப். பூனாகலைக்குப் புறப்பட்ட வேனுக்குள் விரித்துக் காட்டினார்.

"இது பூரானாச்சே," என்றார் தலைவர்.

"கால் நெறைய இருக்குத்தானே சேர். ஒங்கட போட்டோவ பெரிசாப் போட்டிருக்கேன். சனம் அதத்தான் பார்க்கும்."

தலைவர் பூரானை மன்னித்தார்.

* நான் உபதலைவர்களில் ஒருவன். வெறும் உறுப்பினர் என்று சொல்லக்கூடியவர் முன்ஸிப் மட்டும்தான். அவரும் பெனர் அடிக்க வந்த இடத்தில் சேர்க்கப்பட்டவர்.

5

ஞாயிற்றுக்கிழமை. வேன் தேயிலைக்கு நடுவே மூச்சுவாங்கி ஏறியது. (இங்கே பனி இருந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.)

பக்கத்து வீடுகளில் கதிரை இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். தேத்தண்ணியும் முறுக்கும் வந்தன. கதவடியில் அயலவர் கூட்டம். சிவசக்தி ஒரு பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

மண்.

"எங்கம்மா?" என்றார் தலைவர்.

"உள்ளதாங்க ஐயா இருக்கு. சட்ட கழட்டுதுங்க."

"எப்ப மேல வரும்?"

"தெரியாதுங்க. ரெண்டு மூனு கெழம ஆகலாம்."

தலைவர் மடியிலிருந்த பொன்னாடையைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். "நாங்க பதுளையிலேருந்து வந்திருக்கோமேம்மா," என்றார், பதுளை ஏதோ கடலுக்கு அப்பால் இருப்பதுபோல.

"ஒன்டே ஒன்டு எடுங்க," என்றார் முன்ஸிப், கமராவைத் தூக்கியபடி. "படத்தப் புடிச்சிட்டு விட்டுருவம்."

"இப்ப தொடக்கூடாதுங்க," என்றாள் சிவசக்தி. சின்னக் குரல். முன்வரிசைக்குக் கேட்டிராது என்று வைத்துக்கொள்ளலாம். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

கதவடியில் யாரோ, "மண்ணத்தான் இத்தன நாளா வளத்தியாக்கா?" என்றார்கள். சிரிப்பு எழுந்தது.

மாரியாயி அடுப்படியிலிருந்து வந்துவிட்டார். "வந்தவுங்களுக்கு வெறும் மண்ண காட்டி அனுப்புவியா புள்ள? மானத்த வாங்காத. ஒன்ன எடுத்துக் காட்டு."

சிவசக்தி உள்ளே போனாள். ஒரு கரண்டியோடு வந்தாள்.

முதலாவது இடியப்ப நிறத்தில் வந்தது. கரண்டி விளிம்பு பட்டு நடுவில் பிளந்திருந்தது. "அடடா," என்றார் தலைவர், ரசிப்பாக. "ஆனா இது அசையலியே. இன்னொன்னு பாருங்க." இரண்டாவது முழுசாக வந்தது, உள்ளங்கையில் வைத்ததும் ஒரு தரம் வளைந்து, பிறகு வளையவில்லை. அவள் தொடர்ந்து தோண்டினாள். யாரும் கேட்காமலே தோண்டினாள். பெட்டியின் அடிவரை.

"உசுரோடதான இருக்கு?" என்று கதவடியில் யாரோ கேட்டார்கள்.

"இருந்துச்சுங்க," என்றாள்.

கைதட்டினோம். பொன்னாடை போர்த்தப்பட்டது. படத்தில் சிவசக்தி தலைகுனிந்து நிற்கிறாள். முகநூலில் அதன் கீழே, 'என்னவொரு அடக்கம்' என்று எழுதியிருக்கிறார்கள். படத்தின் ஓரத்தில் ஒரு கழுத்து மற்றெல்லாக் கழுத்துகளையும் தாண்டி நீண்டு பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிறது. அது என்னுடையது.

நாங்கள் வேனில் ஏறும்போது அவள் என்னிடம் மட்டும் வந்து சொன்னதுதான் கதையின் மூலமான அந்த வாக்கியம்.

6

மாற்று முடிவுகள்.

(அ) சிவசக்தி நிமிர்ந்து நின்றாள். "மன்னிக்க வேண்டும் ஐயா. இது என் வீடு, இவை என் பொறுப்பு. தோண்ட மாட்டேன்." வேன் தலைகுனிந்து மலையிறங்கியது.

இதையும் அனுப்பினேன். இம்முறை தொலைபேசியில் வந்தாள்.

"நான் அப்புடிச் சொல்லலியே அண்ணே."

"கதையில சொல்ற."

"கதையில சொன்னா செத்தது எந்திரிக்குமா?"

"சரி, ஏன் தோண்டின சக்தி?"

பாமசியில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"வெக்கமா இருந்துச்சு. கதிர எரவல் வாங்கிப் போட்டு அத்தன பேரு ஒக்காந்திருக்கீங்க. மண்ணத்தான் வளக்குறேன்னு சிரிக்கிறாங்க. மொத ஒன்னு செத்ததும் மிச்சத்தயும் கொன்னு முடிச்சிரணும் போல இருந்துச்சு. ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல."

"முடியாதுன்னு ஒரு வார்த்த சத்தமா சொல்லியிருக்கலாம்."

"நீங்க சொல்லியிருக்கலாமே. பேப்பர்ல ஊரையே கிழிக்கிற ஆளு. அன்னைக்கி வட தின்னுக்கிட்டுத்தான இருந்தீங்க."

முறுக்கு. வடை அல்ல. திருத்த வாயெடுத்தேன். திருத்தவில்லை. அந்த அளவுக்காவது எனக்கு வெட்கம் இருந்தது.

(ஆ) தலைவர் கந்தப்பன் தன் தவறை உணர்ந்து மன்னிப்புக் கேட்டார். — விஞ்ஞானப் புனைகதை ஆகிவிடுவதால் கைவிடப்படுகிறது.

(இ) அப்போது உபதலைவர்களில் ஒருவர் எழுந்து, "ஐயா, வேண்டாம், விட்டுவிடுவோம்," என்று— 

7

அடுத்த கிழமை, பாமசி திறக்கும் முன், சிவசக்தி என் வீட்டுக்கு வந்தாள். கையில் இரண்டாவது பெட்டி. அன்றைக்குத் திறக்கப்படாத பெட்டி.

"அந்தப் படம் போட்டதிலேருந்து ஆளுக வந்துக்கிட்டே இருக்காங்க அண்ணே. நான் வேலைக்கி வந்துருவேன். அம்மா வீட்டுல கரண்டிய வச்சிக்கிட்டு நிக்குது."

"அதுக்கு இங்க ஏன்?"

"ஒங்க வீட்டுக்குத்தான் ஒருத்தரும் வர்றதில்லயே. எல்லாரப் பத்தியும் எழுதிட்டீங்க."

மேசைக்குக் கீழே இருட்டான இடமாகப் பார்த்து வைத்தாள்.

"உள்ள எத்தன இருக்கு?"

"எறங்கும்போது கொஞ்சம் இருந்துச்சு. இப்ப தெரியாது. எங்க வீட்டுலயே பொறந்ததுல மிச்சம் இதுதான். இதுவும் போச்சுன்னா நான் மறுபடி தொடங்க மாட்டேன்."

மேல்மண் காய்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். வேறொன்றும் செய்ய வேண்டாம் என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "பாக்கணும்போலத்தான் இருக்கும். பாக்காதீங்க. அதுவா மேல வரும்," என்றாள்.

"என்னை என்னன்னு நெனச்ச?" என்றேன்.

அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள். பஸ் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

8

இப்போது கதிரையில் இருப்பது நீங்கள், வாசகரே. இத்தனை பக்கம் மலையேறி வந்திருக்கிறீர்கள். முறுக்குகூடத் தரவில்லை. உங்களுக்கு வெறும் மண்ணைக் காட்டி அனுப்ப எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. பெட்டிக்குள் உயிர் இருக்கிறதா? மேலே வருமா? சிவசக்தி மறுபடியும் யோகட் கோப்பைகளைக் கழுவி அடுக்குவாளா?

சொல்ல மாட்டேன். அன்று நாங்கள் செய்ததை இன்று இந்தக் கதை செய்யாது. ஒரு முடிவுக்காக மண்ணைக் கிண்டுவது பேரவைகளின் வேலை. காத்திருப்பது இலக்கியத்தின் வேலை. எழுத்தாளன் என்பவன் மூடியைத் திறக்காதிருக்கக் கற்றவன். பார்க்காமல் நம்புவதே வாசிப்பின் உச்ச அறம். ஆகவே பெட்டியை மூடியபடியே உங்கள் கையில் தருகிறேன். உயிர் இருக்கிறது என்று நினைப்பவர்கள் அப்படியே நினைக்கட்டும். இல்லை என்பவர்கள் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுப் பொறுத்திருக்கட்டும். முடிவு உங்களுடையது.

கதைக்கு முடிவு வேண்டியிருந்ததால் நேற்று மத்தியானம் நான் தோண்டிப் பார்த்துவிட்டேன்.