ஜோதியின் வெள்ளி ரூபாய்

என் கொழுந்தன் பெண்டாட்டி ஜோதி சோம்பேறி. பன்னிரண்டு வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் மருமகள்களாக வந்தபோது மாமனார் ஆளுக்கொரு விக்டோரியா ராணி வெள்ளி ரூபாய் கொடுத்தார். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் விபூதி போட்டுத் தேய்த்து விளக்கு முன்னால் வைப்பேன். அவளோ கல்யாணப் பத்திரிகை உறைக்குள் போட்டு பீரோவில் மறந்துவிட்டாள். போன பொங்கலுக்கு வெளியே எடுத்தால் ஓரமெல்லாம் நீலம், உள்ளே ரோஸ், நடுவில் மஞ்சள். "இன்னாடி, சீக்கு புடிச்சாட்டம் கீது?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தேன். அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கு அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

போன வாரம் ஒரகடத்தில், கம்பெனி கேன்டீனில், என் ரூபாயை வசந்தகுமாரிடம் காட்டினேன். எங்கள் லைனில் வேலை செய்பவன், பழங்காசு சேர்ப்பவன். விளிம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"மேல்தோலயே தொலக்கி எடுத்துட்டீங்களே மஞ்சுளாக்கா! தொடாம வுட்டா காத்தும் காயிதமும் பட்டு வெள்ளி தானா கலர் ஏறும். வருசக்கணக்காவும். அந்தக் கலருக்குத்தான் மதிப்பே. தோ, பாருங்க."

போனில் ஒரு படம். நீலம், ரோஸ், மஞ்சள். அப்படியே ஜோதியின் காசு.

"இத நாம வர வெக்க முடியாதா?"

"திருட்டுத்தனமா பண்றவங்க கீறாங்க. பாத்தாலே தெரிஞ்சிடும். நெசக் கலரு ஒருவாட்டி தேய்ச்சா போச்சு, அவ்ளோதான்."

விரல் நோகத் தேய்த்தவள் நான். ஒன்றுமே செய்யாதவளுக்கு வானவில்லாம்!

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. காலை ஷிப்டுக்குக் கிளம்பிய ஜோதி, அந்தக் காசோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"யக்கா, நீ சொன்னதுலேர்ந்து இத்த வெளிய எடுக்கவே வெக்கமா கீது. உன்னுது மாதிரியே தொலக்கி வெக்கிறியா?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"வெச்சிட்டுப் போ" என்றேன்.

அவள் பஸ் ஏறும்வரை பொறுத்திருந்தேன். விபூதியோடு கொஞ்சம் புளியும் எடுத்துக்கொண்டேன். நீலம் முதலில் போனது. ரோஸ் அடம்பிடித்தது. நான் விடவில்லை. கழுவித் துடைத்து இரண்டையும் விளக்கு முன்னால் ஒட்டினாற்போல் வைத்தேன். இரண்டும் ஒரே வெள்ளை. அப்பாடா என்றிருந்தது.

சாயங்காலம் வந்தவள் குனிந்து பார்த்தாள். யோசிக்கவே இல்லை, தன்னுடையதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உன்னுது அதுன்னு எப்டிடி தெரிஞ்சிது?"

"உன்னுதுல ராணிக்கு மூக்கே இல்லியேக்கா" என்று சிரித்தாள், ஒரு வஞ்சனையும் இல்லாமல்.

எட்டிப் பார்த்தேன். அவள் உள்ளங்கையில் ராணியின் தலைமயிர் இழை இழையாகத் தெரிந்தது.