வெள்ளைக் கோடுகள்

மகள் தலையணையை உயர்த்தி வைத்ததும், அப்பா பூதக்கண்ணாடிக்குக் கை நீட்டினார். "அந்தத் தட்டைக் கொண்டா. போட்டோவுலயே பாத்துட்டு இருந்தாச்சு. ஒரு தடவை நேர்ல பாத்துடறேன்."

தட்டில் பதினான்கு மான் எலும்புத் துண்டுகள். ஆயிரக்கணக்கான வருஷம் குகை மண்ணுக்குள் கிடந்தவை. படுத்த படுக்கையாகிவிட்டவர், அவள் எடுத்துக் கொடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் தெரிந்த கீறல்களை நம்பித்தான் கட்டுரையை எழுதி முடித்திருந்தார். அந்தக் குகைக்காரர்கள் மிருகங்கள் தின்று போட்ட மிச்சத்தைப் பொறுக்கியவர்கள் அல்ல; வேட்டையாடி, கல் கத்தியால் இறைச்சியை அறுத்தவர்கள். 'எலும்பு சார்' என்று முப்பது வருஷமாகக் கிண்டலடித்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவர் தரும் பதில் அது. நாளைக்குக் கட்டுரை அச்சுக்குப் போகிறது.

நாளை வரை அவர் தாங்குவாரா என்று காலையில் கேட்டதற்கு, "பக்கத்துலயே இருங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள் நர்ஸ்.

"என்னடி திருதிருன்னு முழிக்கிறே? எலும்பு கடிக்காது."

இனியும் மென்று விழுங்க முடியாது. "அப்பா... இதையெல்லாம் நான்தானே கழுவினேன்..."

"தெரியுமே."

"பல் பிரஷ்ல மண்ணு போகவே இல்லப்பா. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்துத் தேச்சுட்டேன்."

சொல்லிவிட்டாள், பாவி! அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாய் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் சொன்னதே அப்பாவைக் கொன்றுவிடுமோ என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை துண்டு?"

"ஞாபகம் இல்ல. பயமா இருக்குப்பா."

"எனக்கும்தான்." அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவள் அதுவரை கேட்டதே இல்லை. "கண்ணாடிய நீயே எடு. புதுக் கீறல் உள்ளே வெள்ளையா இருக்கும். பழசுல மண்ணு நிறம் ஊறியிருக்கும். ஒவ்வொண்ணாப் பாத்து சத்தமாச் சொல்லு."

"ஒண்ணுமே மிஞ்சலன்னா?"

"மிஞ்சலன்னு எழுதிடு. பொய்யோட என்னை அனுப்பாதே."

அவள் தட்டை மடியில் வைத்துக் கட்டிலோரம் உட்கார்ந்து குனிந்தாள். "வெள்ளை."

"ம்."

"வெள்ளை."

"ம்."

பாழாய்ப்போன வெள்ளை! ஆறு, ஏழு, எட்டு, எல்லாமே அவள் கைவரிசை. ஒன்பதாவது 'ம்' வரக் கொஞ்சம் தாமதமானது. பதினொன்றாவது மூச்சோடு சேர்ந்து வந்தது. பதின்மூன்றும் வெள்ளை. அதற்கும் ஒரு 'ம்' வந்தது, அவளுக்கு மட்டும் கேட்கிற அளவில்.

கடைசித் துண்டு, தொடையெலும்பு. சதை தடித்திருக்கும் இடத்தில், மிருகங்கள் மிச்சம் வைக்காத இடத்தில், குறுக்காக மூன்று கோடுகள். உள்ளே அடி வரைக்கும் மண் நிறம்.

"அப்பா, பழுப்பு! மூணு கோடு!"

அவள் காத்திருந்தாள்.

"பழுப்புப்பா," என்றாள் மறுபடியும், இன்னும் சற்று உரக்க. கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த மூன்று கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.