ஜெயராஜைத் தூங்கவிட்டோம்

மதுவிலக்கு மறுபடியும் வந்த வருஷம் கும்மிடிப்பூண்டியில் எங்கள் லைன் வீட்டு ஆண்களுக்குப் பக்தி முற்றிவிட்டது. ஞாயிறு காலையில் ஆந்திரா பக்கம் பஸ் ஏறுவார்கள். கோயிலுக்காம். எந்தச் சாமி என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும். திரும்பும்போது எளாவூர் செக்போஸ்ட்டில் பையைத் துழாவுவார்கள் என்பதால், வாங்கியதை அங்கேயே மிச்சமில்லாமல் குடித்துவிட்டு வருவது வழக்கம்.

ஜெயராஜும் அன்று ஒரு முழு பாட்டிலை அப்படித்தான் தீர்த்திருக்கிறான். மத்தியானம் இரண்டு பேர் தாங்கி வந்து, வீட்டுக்குள் மல்லாக்கப் போட்டுவிட்டு நழுவினார்கள்.

அவன் மனைவி விக்டோரியா கிள்ளினாள், உலுக்கினாள். அசையவில்லை.

"இன்னாக்கா, கை ஜில்லுனு கீது?"

"உன் ஊட்டுக்காரு தூங்கறதுல ராஜாவாச்சே" என்றேன். எதிர்வீட்டு சின்னப்பொண்ணு சிரித்தாள்.

"ஒதடு நீலமா கீதுக்கா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போலாமா?"

"போ. குடிச்ச கேஸுன்னு போலீஸ்ல எழுதிக் குடுப்பான். அடுத்த மாசம் பெர்மனென்ட் ஆவப்போற மனுசன். கம்பெனி கேட்டாண்ட போய் இன்னா சொல்லுவே?" என்றேன் நான்.

விக்டோரியா அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். சின்னப்பொண்ணு மோரில் எலுமிச்சை பிழிந்து வந்தாள். நான்தான் தாடையைப் பிடித்துத் திறந்து ஊற்றினேன். ஒரு குறட்டை வரும். பிறகு பத்து எண்ணும் வரை மூச்சே இருக்காது. மறுபடி ஒரு குறட்டை. அந்த இடைவெளிகளில் நான் பின்தெரு சந்திரகலா வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குத் தொண்டையில் களகளவென்று சத்தம். வாந்தி வெளியே வராமல் உள்ளேயே நின்றது. விக்டோரியா ரோட்டுக்கு ஓடி, வந்த லாரிக்குக் குறுக்கே நின்றாள். டிரைவர் இறங்கி வந்து அவனை ஒருக்களித்துப் புரட்டினான், வாய்க்குள் விரலை விட்டு வழித்தான்.

"இப்டி படுக்க வெச்சிருக்கக் கூடாதாம்மா?" என்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"எப்பலேர்ந்து எழுப்ப முடியலை?"

"பன்னெண்டு மணிலேர்ந்து."

"எழுப்பியும் எழுந்திருக்கலைன்னா அது தூக்கம் இல்லைம்மா. வாயில ஒண்ணும் ஊத்தாம, ஒருக்களிச்சுப் போட்டு அப்பவே கொண்டுவந்திருந்தா பார்த்திருக்கலாம்."

போலீஸ் வந்தது. கேஸும் எழுதினார்கள். அறுத்துப் பார்த்துவிட்டு மறுநாள்தான் உடலைத் தருவார்களாம். வீட்டில் கூட யார் இருந்தது என்று விக்டோரியாவைக் கேட்டார்கள். அவள் என் பெயரைச் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி வரை நின்றே வந்தாள்.