கீறல் விழுந்த டேப்லெட்

புதிதாக வந்த தலைமையாசிரியை முதல் வேலையாகப் பீரோவைத் திறந்தார். உள்ளே டேப்லெட்டுகள் உறை பிரிக்காமல் அடுக்கியிருந்தன. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் முன்பிருந்தவர் கண்ணும் கருத்துமாகப் பூட்டி வைத்த சொத்து. அன்று மதியமே புதியவர் அவற்றை இரண்டாம் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

வகுப்பு டீச்சர் பள்ளியிலேயே மூத்தவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “என்கிட்ட குடுக்காதீங்க மேடம். பிள்ளைங்க முன்னாடி முழிச்சுக்கிட்டு நிக்க என்னால ஆகாது.”

“எனக்கு மட்டும் என்னக்கா தெரியும்? ரெண்டு பேரும் சேர்ந்தே முழிப்போம்.”

சொன்னபடியே முழித்தார்கள். தலைமையாசிரியை பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எதையோ அமுக்க, திரை தலைகீழாகத் திரும்பியது. வகுப்பே கழுத்தைச் சாய்த்துப் பார்த்துச் சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதன்பிறகு பள்ளி விட்டும் இருவரும் உட்கார்ந்து பழகினார்கள். டீச்சருக்குப் பிடிபட்டது குரலைப் பதிவு செய்வது ஒன்றுதான். அதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பிள்ளையும் பாடத்தைப் படித்து, தானே கேட்டு, பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி படிக்கலாம்.

பருவ முடிவில் மேலதிகாரி வந்தார். வந்ததும் வராததுமாக, கீறல் விழுந்த டேப்லெட் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். “என்னம்மா இது? போன தடவை எல்லாம் புத்தம் புதுசா இருந்துச்சே?”

தலைமையாசிரியை அதைக் கையில் வாங்கிக்கொண்டார். “இன்னமும் புதுசாவே இருந்தாத்தான் சார் நான் பதில் சொல்லணும்” என்றார்.

அதிகாரியின் முகம் இறுகியது. அவர் வாயைத் திறப்பதற்குள், “சத்தம் போடாம வாங்க சார்” என்று மூத்த டீச்சர் முன்னால் நடந்தார். தாழ்வாரத்தின் கோடியில் ஒரு சிறுமி டேப்லெட்டை மடியில் வைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

“சேர்ந்ததுலேருந்து வகுப்புல வாயே திறக்காத பிள்ளை சார். படிக்கத் தெரியாதுன்னே நினைச்சிட்டேன். ஆளுங்க முகத்தைப் பாத்தாத்தான் பேச்சு வரல. இதுகிட்ட வருது.”

டீச்சர் அதிகாரிக்கு எல்லாவற்றையும் தடையில்லாமல் விளக்கிக்கொண்டே போனார். தலைமையாசிரியை இரண்டடி பின்வாங்கி, டீச்சருக்கு இடம் விட்டு நின்றார்.

சிறுமி ஒரு வரியில் தடுக்கினாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். அழித்தாள். முதுகை நிமிர்த்தி, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி முதலிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.