பத்தாவது கையெழுத்து

அஹமது கபீரின் வேட்புமனுவில் பத்தாவதாகக் கையெழுத்துப் போட்டவர் ரெத்தினம். அதற்காக நான்கு நாட்களாக ஊரில் அவரிடம் யாரும் பேசவில்லை.

நாடு முழுவதும் ஆளுங்கட்சியின் கைதான் ஓங்கியிருந்தது. இந்தத் தொகுதியில் போட்டியே இருக்கக் கூடாது என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். எதிர்த்து மனு போட்டவர்கள் ஒவ்வொருவராக வாபஸ் வாங்கச் சம்மதித்தார்கள். நீடாமங்கலத்தில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கும் கபீர் மட்டும் மறுத்துவிட்டார். அவர் சுயேச்சை. சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். அதில் ஒரு கையெழுத்து பொய்யானாலும் மனு தள்ளுபடி. பிறகு ஓட்டுப்பதிவே நடக்காது.

கபீருக்கும் ரெத்தினத்துக்கும் பெரிய பழக்கமில்லை. போன வருஷம் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் குவிந்து கிடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ரெத்தினம் வெறுங்கையோடு ஓடிப்போய்த் தார்ப்பாய் கேட்டார். கபீர் அவர் பேரைக்கூடக் கேட்காமல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். காய வைத்து மடித்துத் திருப்பிக் கொண்டுபோனபோது, அடுத்த மழைக்கு ஆகும், வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். அவ்வளவுதான்.

தங்கமணி ஆளுங்கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர். கொள்முதல் நிலையத்தில் யார் நெல் முதலில் தராசு ஏறும் என்பதும் அவர் வாய்ச்சொல்தான். மனு பரிசீலனைக்கு முந்தின நாள் அவர் ரெத்தினத்தின் நெற்குவியல் அருகே வந்து நின்றார்.

"உன்னைப் பொய் சொல்லச் சொல்லல ரெத்தினம். கேட்டா வாயைத் தொறக்காம நில்லு, போதும். சங்கத்து ரிக்கார்டு பேசிக்கும்."

கூட்டுறவுச் சங்கத்துப் பதிவேட்டில் ரெத்தினம் கைநாட்டு. இளவயதில் அறிவொளி வகுப்பில் பேரெழுதக் கற்றவர்தான். ஆனால் அவர் தெருக்காரர்கள் வந்தாலே குமாஸ்தா ஒன்றும் கேட்காமல் மை டப்பாவை முன்னால் தள்ளுவார். பின்னால் வரிசை நிற்கிறதே என்று ரெத்தினமும் பெருவிரலை நீட்டிவிடுவார். இருபது வருஷம் அப்படியே போனது. அந்தக் கூச்சம் இப்போது அவருக்கே எதிர்ச்சாட்சியாகிவிட்டது.

வீட்டில் மனைவி ராசம்மாளும் சண்டை போட்டாள். நெல் முளைத்துப் போனால் கபீர் பாய் வந்து சோறு போடுவாரா என்று கேட்டாள். ஆனால் மறுநாள் காலையில் ரெத்தினம் சட்டையை எடுத்தபோது, பையில் கல்லூரியில் படிக்கும் மகளுடைய பேனா இருந்தது. ராசம்மாள் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை.

மனு பரிசீலனை நடந்த தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸில் வாசலிலேயே கூட்டம் மறித்தது. எவ்வளவு வாங்கினாய் என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் அவர் தோள் துண்டைத் தட்டிவிட்டான். அவர் குனிந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஆளுங்கட்சி வக்கீல் சங்கத்துப் பதிவேட்டின் நகலை மேசைமேல் விரித்தார். தேர்தல் அலுவலர் வேட்புமனுவைக் காட்டி, இது நீங்கள் போட்ட கையெழுத்தா என்று கேட்டார். ரெத்தினம் திரும்பிப் பார்த்தார். தங்கமணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைநாட்டுக்கு எதுக்கு சார் பேனா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள்.

கபீர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தன் பார்வைகூட அந்த மனிதருக்கு ஒரு கட்டாயமாகிவிடக் கூடாது என்று நினைத்திருப்பார். ரெத்தினம் அதைக் கண்டார். சட்டைப்பையில் கைவிட்டார்.

"டப்பாவை நீட்டுனாங்க, விரலை வச்சேங்க. பேனாவை நீட்டியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேன்."

ஒரு வெள்ளைத்தாளில் நிதானமாகத் தன் பேரை எழுதினார். அலுவலர் இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மனுவை ஏற்றுக்கொண்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது மேற்கே கறுத்திருந்தது. கொள்முதல் நிலையத்தில் அவருடைய குவியலைப் பள்ளத்துக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் தங்கமணியின் குவியல், காலையில் எடைபோடுவதற்காகத் திறந்து கிடந்தது. அவருடைய ஆட்கள் இன்னும் தஞ்சாவூரிலிருந்து திரும்பவில்லை. தூறல் விழுந்தது. ரெத்தினம் கபீர் கொடுத்த தார்ப்பாயை விரித்தார். அதை இழுத்துப் பிடித்தால் இரண்டு குவியலின் தலையும் மூடும். ஆனால் இரண்டின் ஓரமும் நனையும். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இழுத்தார்.

அந்த நேரத்தில்தான் தங்கமணியின் கார் வந்தது.

"இதுக்கெல்லாம் உங்க பாய்க்கு ஓட்டு விழாது" என்றார்.

"ஓட்டுக் கேக்கலங்க. நெல்லு நனையுது."

காற்றில் தார்ப்பாயின் மூலை ஒன்று எழும்பியது. தங்கமணி அதைச் செருப்புக் காலால் மிதித்தார். மழை விடும்வரை காலை எடுக்கவில்லை.

மறுநாள் தங்கமணியின் நெல் தராசு ஏறியது. ரெத்தினத்தின் நெல் இன்னும் பதினொரு நாள் கிடந்து, ஓரத்தில் முளை கட்டியது.

ஓட்டுப்பதிவு நடந்தது. ஆளுங்கட்சி லட்சக்கணக்கான வித்தியாசத்தில் வென்றது. ஊர் வாக்குச்சாவடியில் கபீருக்கு ஒன்பது ஓட்டு. ரெத்தினம் வீட்டில் மூன்று. மற்ற ஆறு யாராக இருக்கும் என்று ராசம்மாள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். ரெத்தினம் வேண்டாமென்று தடுத்தார். மாரியம்மன் கோயில் பக்கம் திரும்பி, பேர் தெரியாத அந்த ஆறு பேருக்காகவும் கும்பிட்டுக்கொண்டார்.